ஐந்து சின்னங்கள், நான்கு வழிகள்: முதல் மனவித்தைக்கு எது சரி?

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம் மலைப்பூண்டு போடுகிற தம்பி ஒருவர் வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறார். மாலையில் பனி இறங்கிவிட்டால் வந்தவர்களுக்கு வெளியே போக வழியில்லை. போனில் சிக்னலும் வந்து வந்து போகும். சூப் குடித்து முடித்த பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கிறது. அந்த நேரத்துக்கு ஏதாவது செய்யலாமே என்று கேட்டார். "அண்ணே, கைச்சித்து எல்லாம் எனக்கு வராது. மண்வெட்டி பிடிச்ச கை. மனசுல நினைச்சதைச் சொல்ற மாதிரி ஒண்ணு இருந்தா சொல்லுங்க, ஒண்ணே ஒண்ணு போதும்."

அவருக்காக நான்கு வழிகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்கும் சின்னச் சீட்டுகளை, அதாவது எண்ணுக்குப் பதில் ஓர் உருவம் போட்ட சீட்டுகளை, வைத்துச் செய்வதுதான்.

ரம்மிக் கட்டு ஏன் வேண்டாம் என்றால், நம் ஊர்க் குடும்பங்களில் பாதிப் பேருக்குச் சீட்டுக்கட்டு என்றாலே சூதாட்டம்தான். கூடத்தில் பாட்டி உட்கார்ந்திருக்கும்போது கட்டை எடுத்தால், வித்தை தொடங்கும் முன்பே முகம் மாறிவிடும். சின்னச் சீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. வட்டம், கூட்டல், அலை, சதுரம், நட்சத்திரம் என ஐந்தே உருவங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும், பாலக்காட்டிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்தவருக்கும் புரியும்.

இந்தச் சீட்டுகள் மேஜிக்காரர்கள் உருவாக்கியவை அல்ல. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில், 1930களின் தொடக்கத்தில், புலன்களைத் தாண்டிய அறிவு என்று ஒன்று உண்டா என ஜே. பி. ரைன் என்ற ஆய்வாளர் சோதித்துக்கொண்டிருந்தார். அந்தச் சோதனைக்காகச் சின்னங்களை வடிவமைத்துக் கொடுத்தவர் கார்ல் ஸீனர் என்ற உளவியலாளர். சின்னத்துக்கு ஐந்து வீதம் கட்டில் 25 சீட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே சராசரியாக 25இல் 5 சரியாக வந்துவிடும். அதற்கு மேல் தொடர்ந்து வந்தால் ஏதோ இருக்கிறது என்பது ரைனின் வாதம். 1934இல் அவர் புத்தகம் வந்ததும் பெரிய பரபரப்பு, அதன் பின்னாலேயே பெரிய எதிர்ப்பு. சீட்டு மெலிதாக இருந்தால் வெளிச்சத்தில் பின்பக்கமே காட்டிக்கொடுத்துவிடும், கலைத்தது போதாது என்றெல்லாம் குறை சொன்னார்கள். அறிவியலுக்குக் குறையாகப் போனவைதான் மேஜிக்காரர்களுக்கு மூலதனம் ஆயின. கீழே வரும் வழிகளில் இரண்டு, அந்தக் குறைகளையே வேண்டுமென்று செய்வதுதான்.

ஒப்பிடும்போது ரகசியம் எவ்வளவு சாமர்த்தியமானது என்று நான் பார்க்கவில்லை. வித்தை நடக்கும்போது செய்பவரின் கண் எங்கே இருக்க வேண்டியிருக்கிறது என்றுதான் பார்த்தேன். மனதைப் படிப்பதாகச் சொல்லிவிட்டுச் சீட்டையே முறைத்துக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள்? எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும், சிரிக்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்ய வராது. அதனால் ரகசிய வேலை எப்போது நடக்கிறது என்பது முக்கியம்: விருந்தினர் உட்காருவதற்கு முன்பா, அவர்கள் கண்ணெதிரேயா, அல்லது அவர்கள் கையாலேயேவா?

முதல் வழி, பின்பக்கத்தில் அடையாளமிட்ட சீட்டு. கடையில் வாங்கலாம், நாமே பேனாவால் ஒரு புள்ளி வைத்தும் செய்யலாம். ரகசியத்தை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பூம்பாறைக்கு இது உதவாது. கூடத்தில் மஞ்சள் பல்பு, காற்றடித்து மரம் சாய்ந்தால் அதுவும் இல்லை, மெழுகுவத்திதான். வெளியே கேம்ப்ஃபயர் வைத்தால் இன்னும் மோசம். அந்த வெளிச்சத்தில் சின்னப் புள்ளியைத் தேடிக் கண்ணைச் சுருக்கினால், முன்வரிசைப் பையன் "அங்கிள் பின்னாடி ஏதோ பாக்குறாரு" என்று சொல்லிவிடுவான். இதை விட்டுவிடலாம்.

இரண்டாவது, சுழல் வரிசை. இது எனக்குப் பிடித்தது, அதனால்தான் கொஞ்சம் கவனமாகச் சொல்கிறேன்.

25 சீட்டுகளையும் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும்படி அடுக்கிவைக்க வேண்டும். சின்னங்களை நினைவில் வைக்க ஒரு எளிய கணக்கு உண்டு. வட்டம் ஒரே கோடு, கூட்டலில் இரண்டு கோடுகள், அலையில் மூன்று, சதுரத்தில் நான்கு பக்கம், நட்சத்திரத்தில் ஐந்து முனை. ஒன்று முதல் ஐந்து வரை அப்படியே அடுக்கினால் விரித்துப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் 3, 1, 5, 2, 4 என்று வைக்கலாம்: அலை, வட்டம், நட்சத்திரம், கூட்டல், சதுரம், மறுபடி அலை. ரம்மி ஆடுபவர்கள் செய்வது போலக் கட்டை எத்தனை முறை வெட்டி, மேல் பகுதியை எடுத்து அடியில் வைத்தாலும் இந்தச் சுழற்சி கலையாது, தொடங்கும் இடம்தான் மாறும். விருந்தினர் வெட்டி, மேல் சீட்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார். நீங்கள் மீதிக் கட்டை எடுத்து ஓரமாக வைக்கும்போது அடிச் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். அடியில் கூட்டல் என்றால் அவர் கையில் சதுரம். அடியில் சதுரம் என்றால் அலை. அவ்வளவுதான்.

அந்த ஒரு பார்வைக்குப் பிறகு கட்டைத் தொடவே வேண்டாம் என்பது இதன் அழகு. கண் முழுக்க எதிராளி மேல் இருக்கலாம். "கோடு வளைவா, நேரா... வேண்டாம், நீங்க சொல்லாதீங்க" என்று இழுத்து இழுத்துச் சொல்லலாம்.

சிக்கல் இரண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களில் ஒருவராவது சீட்டுப் பழக்கம் உள்ளவராக இருப்பார். கட்டு கையில் கிடைத்ததும் வெட்டுவதோடு நிறுத்த மாட்டார், சர்ரென்று கலைத்துவிடுவார். அதோடு வரிசை போயிற்று. இன்னொன்று, நம் மலை ஈரம். கொடைக்கானல் மேல்மலைப் பகுதியில் ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும், சீட்டு என்ன செய்யும்? இரண்டு சீட்டுகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்தால் கணக்கு ஒரு படி தள்ளிப்போகும். இந்த வித்தையில் பாதித் தவறு என்று ஒன்று கிடையாது. சதுரம் என்று அடித்துச் சொல்லி, அவர் அலையைத் திருப்பிக் காட்டினால் சமாளிக்க வழியே இல்லை. கையில் பழக்கம் ஏறிய பிறகு அருமையான வித்தை, ஆனால் முதல் வித்தையாக வேண்டாம்.

மூன்றாவது, ஐந்து இடக் கணிப்பு. விருந்தினர் ஐந்து சின்னங்களில் ஒன்றை மனம்போல் சொல்கிறார். உண்மையிலேயே மனம்போல்தான், எந்தத் தள்ளுதலும் இல்லை. "நீங்கள் இதைத்தான் சொல்வீர்கள் என்று காலையிலேயே எழுதி வைத்துவிட்டேன்" என்று ஓர் இடத்தைக் காட்டுகிறீர்கள். அங்கே அதே சின்னம் இருக்கிறது. ரகசியம் இதுதான்: ஐந்து சின்னத்துக்கும் ஐந்து இடங்களில் விடை ஏற்கெனவே தயார். அவர் சொன்னதற்கு உரிய இடத்தை மட்டும் காட்டுகிறீர்கள்.

மேடைக்காரருக்கு இது தொல்லை. கவர், பர்ஸ் என்று சட்டைப்பையிலேயே எல்லாவற்றையும் ஒளிக்க வேண்டும். ஹோம்ஸ்டே நடத்துபவருக்கோ வீடே சொந்தம்! வாசலிலிருந்து உள்ளே போகும் வரிசையில் இடங்களை வைத்துக்கொண்டால் மறக்காது. வாசலில் தொங்கும் குடையை விரித்தால் உள்ளே வட்டம், தினசரிக் காலண்டரின் பின்னால் கூட்டல், அவர் குடித்த சூப் கிண்ணத்தின் அடித்தட்டில் அலை, தன் குரங்குக் குல்லாவின் உள்மடிப்பில் சதுரம், சமையலறைக் கதவின் பின்னால் நட்சத்திரம். சூப் கிண்ணம் எனக்கு மிகவும் பிடித்த இடம். இவ்வளவு நேரம் அவர் கையிலேயே இருந்தது என்று தெரியும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கைவேலை கொஞ்சமும் இல்லை, இருட்டிலும் நடக்கும், ஈரம் ஒன்றும் செய்யாது. இத்தனை நல்லது இருந்தும் இதை முதல் இடத்தில் வைக்கத் தயங்குவது "இன்னொரு தடவை" என்ற சொல்லால்தான். பெரியவர்கள் கைதட்டிவிட்டு விடுவார்கள், பிள்ளைகள் விட மாட்டார்கள். இரண்டாம் முறை அவர்கள் வேறு சின்னம் சொல்ல, நீங்கள் வேறு இடத்தைக் காட்டினால் குட்டு உடைந்தது. மீதி நான்கு விடைகளும் வீட்டுக்குள்தான் கிடக்கின்றன. ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளை காலண்டரை இழுத்துவிட்டால் போச்சு. இரண்டு இரவு தங்குபவர்களுக்கு ஒரே தரம்தான் காட்ட முடியும். ஆக, கடைசியாக ஒருமுறை செய்து முடிக்க இது தங்கம். இதை வைத்து மட்டும் ஒரு மாலையை ஓட்ட முடியாது.

இங்கே ஐந்து சீட்டுகளைப் பரப்பி, பேச்சாலேயே ஒன்றில் கொண்டுவந்து நிறுத்தும் முறையும் உண்டு. "இரண்டு சீட்டை எடுங்க" என்கிறீர்கள். நீங்கள் நினைத்த சீட்டு அதில் இருந்தால் "சரி, இதை வைத்துக்கொள்வோம்", இல்லாவிட்டால் "சரி, இதை ஒதுக்கிவிடுவோம்". எடுங்க என்பதற்குத் தமிழில் இரண்டு பொருளும் பொருந்துவதால் கேட்க இயல்பாகவே இருக்கும். ஆனால் எந்தக் கிளையில் போனாலும் முகமும் குரலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அது பழகிய வாய்க்குத்தான் வரும். தனி வழியாக எண்ணாமல் கடந்து போகிறேன்.

நான்காவது வழிதான் நான் அவருக்குச் சொன்னது. ஜோடிப் பொருத்தம்.

பத்தே சீட்டுகள், சின்னத்துக்கு இரண்டு. 3, 1, 5, 2, 4, மறுபடி 3, 1, 5, 2, 4 என்று அடுக்கிவைக்கவும். விரித்து ஒரு கணம் காட்டினால் கலந்து கிடப்பதாகவே தோன்றும். விருந்தினர் விருப்பம் போல வெட்டட்டும். பிறகு நீங்கள் மேலிருந்து ஐந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக, ஒன்றன்மேல் ஒன்றாக மேஜையில் போடுகிறீர்கள். கொத்தாக எடுத்து வைக்கக் கூடாது, ஒவ்வொன்றாகப் போட்டால்தான் வரிசை தலைகீழாகும். வித்தையின் உயிர் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது. இப்போது இரண்டு சிறு கட்டுகள், ஒன்றின் வரிசை இன்னொன்றுக்கு நேர் எதிர். ஒன்றைக் கணவரிடம் கொடுங்கள், மற்றதை மனைவியிடம். கொடைக்கானல் பக்கம் புதுமணத் தம்பதிகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாச் சீட்டும் கவிழ்ந்தே இருக்க வேண்டும்.

அடுத்து ஒரு வாக்கியம்: "குறிஞ்சி மலர் மலை நிறைய". ஓர் எழுத்துக்கு ஒரு சீட்டு. எழுத்தைச் சொல்லும்போது இருவரில் யாராவது ஒருவர் தன் கட்டின் மேல் சீட்டை எடுத்து அதே கட்டின் அடியில் வைக்க வேண்டும். யார் என்பது அவர்கள் இஷ்டம். கு, றி, ஞ், சி என நான்கு எழுத்தையும் கணவரே செய்யலாம், இருவரும் மாறி மாறிச் செய்யலாம், பேசி முடிவெடுக்கலாம், சண்டையும் போடலாம். சொல் முடிந்ததும் இருவர் கட்டிலும் மேலே இருக்கும் சீட்டை எடுத்துப் பார்க்காமல் ஜோடியாக ஓரத்தில் வைக்கவும். அடுத்து ம, ல, ர். இன்னொரு ஜோடி. ம, லை. இன்னொன்று. நி, றை, ய. நான்காவது ஜோடி. கையில் மிஞ்சியது ஆளுக்கொன்று, அது ஐந்தாவது. ஒவ்வொரு ஜோடியாகத் திருப்பச் சொல்லுங்கள். வட்டத்துக்கு வட்டம், அலைக்கு அலை, ஐந்தும் சேரும். கவிழ்த்த இரண்டு கட்டுகளைத் தற்செயலாகச் சேர்த்துவைத்தால் ஐந்து ஜோடியும் பொருந்த 120இல் ஒரு வாய்ப்புதான்.

எப்படி நடக்கிறது? எதிரெதிர் வரிசையில் இருக்கும் இரண்டு கட்டுகளில், கட்டுக்கு ஐந்து சீட்டு இருக்கும்போது மொத்தம் நான்கு முறை நகர்த்தினால், யார் எத்தனை நகர்த்தினாலும், மேல் சீட்டுகள் ஒன்றாகவே வரும். நான்கு சீட்டு இருந்தால் மூன்று நகர்த்தல், மூன்று இருந்தால் இரண்டு, இரண்டு இருந்தால் ஒன்று. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிச் சொன்னால் கணக்கு வாத்தியார் வாடை அடித்துவிடும். அதனால்தான் வாக்கியம். கடைசிச் சொல் மூன்றெழுத்தாக இருப்பதும் சரிதான், ஆளுக்கு இரண்டு சீட்டு மட்டும் இருக்கும்போது ஒன்றும் மூன்றும் ஒரே பலனையே தரும். வாக்கியத்தை மாற்ற விரும்பினால் சொற்களின் எழுத்து எண்ணிக்கை மட்டும் இதே போல அமைய வேண்டும், ஒற்றும் ஓர் எழுத்து. தமிழ் வாசிக்கத் தெரியாத விருந்தினருக்கு நீங்களே எழுத்தைச் சத்தமாகச் சொன்னால் போதும்.

குறிஞ்சியைப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பேச விஷயம் கிடைக்கிறது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்தது 2030இல். "அதுவரை காத்திருக்க முடியாதவங்களுக்கு இன்னைக்கு ராத்திரி இந்த மேஜையில" என்று தொடங்கினால் கொடைக்கானல் மலைக்கு வந்தவருக்கு அது பொருந்தும். வேறு ஊரில் செய்தால் அந்த ஊர்ப் பேச்சுக்கு ஏற்ற வாக்கியம் கட்டிக்கொள்ளலாம்.

இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். நேரம் பிடிக்கும். நடுவில் யாராவது போனை எடுத்துவிட்டால் விறுவிறுப்பு இறங்கிவிடும். கணக்குப் படித்தவர்கள் "ஏதோ ஃபார்முலா இருக்கு" என்று முணுமுணுப்பார்கள், இருக்கட்டும். ஒரு எழுத்துக்கு இரண்டு சீட்டை நகர்த்திவிட்டால் அங்கிருந்து எல்லாம் குலைய வாய்ப்பு அதிகம். எழுத்தை நிதானமாகச் சொல்லி, சீட்டு அடியில் போன பிறகே அடுத்ததைச் சொல்ல வேண்டும். இன்னொன்று, கண்டிப்பாகப் பார்த்தால் இது மனதைப் படிப்பது அல்ல, இரண்டு பேருடைய மனங்கள் ஒத்துப்போவதாகக் காட்டுவது. மேடையில் மனவித்தை செய்பவர்கள் இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கலாம். ஒரு குடும்பத்துக்கு முன்னால் அது குறையே இல்லை. வித்தைக்காரர் ஜெயிப்பதைவிட அந்தத் தம்பதி ஜெயிப்பதுதான் கூடத்தில் அதிகச் சத்தம் எழுப்பும்.

நான் பார்த்த அளவுகோலிலும் இதுதான் முன்னால் நிற்கிறது. ஐந்து சீட்டை மேஜையில் போட்டதோடு ரகசிய வேலை முடிந்தது, மீதியெல்லாம் விருந்தினர் கையில். கண் சீட்டில் இருக்க வேண்டியதில்லை. இருட்டினாலும் ஈரமானாலும் பெரிய பாதிப்பில்லை. மறுபடி கேட்டால் மறுபடி செய்யலாம், பத்துச் சீட்டையும் பழைய வரிசையில் அடுக்க மட்டும் ஒரு நிமிடம் வேண்டும். "ஒரு வாய் டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று உள்ளே போனால் போதும்.

சீட்டு வாங்குவதா, செய்வதா? ஆன்லைனில் ஸீனர் கட்டு கிடைக்கிறது. 25 சீட்டுகள் தேவை என்றால் அதை வாங்கலாம். பத்துக்கு அதெல்லாம் வேண்டாம், வத்தலக்குண்டிலோ கொடைக்கானலிலோ விசிட்டிங் கார்டு அடிக்கும் அச்சகத்தில் தடித்த அட்டையில் அடித்துத் தருவார்கள். பின்பக்கம் வெறும் வெள்ளையாக விடாமல் அடர்ந்த நிறம் கொடுக்கச் சொல்லவும், இல்லையென்றால் விளக்குக்கு நேராகப் பிடித்தால் சின்னம் தெரியும். ரைனை மாட்டிவிட்ட அதே சிக்கல். பளபளப்பான லேமினேஷன் போட்டால் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டும், மங்கலான வகை பரவாயில்லை. வேலை முடிந்ததும் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிட வேண்டும், அலமாரியில் திறந்து வைத்தால் மழைக்காலத்தில் வளைந்துவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு எச்சரிக்கை. நம்மிடம் மனதைப் படிப்பதாக ஒருவர் சொன்னால் சிலர் வேடிக்கையோடு நிற்க மாட்டார்கள். கிளி ஜோசியக்காரரிடம் கேட்பது போலவே, மகளுக்கு வரன் எப்போது அமையும், கடை வைக்கலாமா என்று தனியாக வந்து கேட்பார்கள். தொடங்கும்போதே "இது வித்தைதான், சக்தி ஒன்றும் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும். புதுமணத் தம்பதிக்கும் அதுவே. சீட்டு சேரவில்லை என்றால் "எழுத்து எண்ணினதில் என் தப்பு" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வதுதான் விருந்தோம்பல்.

தம்பி ஜோடிப் பொருத்தத்தையே பிடித்துக்கொண்டார், பத்துச் சீட்டுக்கும் அச்சகத்தில் சொல்லியாயிற்று. ஐந்து இடக் கணிப்பை அவர் மனைவி எடுத்துக்கொண்டார், சூப் பரிமாறுகிறவர் அவர்தானே. குல்லாவுக்குள் சதுரத்தைத் தைப்பது சரி, ஆனால் காலண்டரை எந்தச் சுவரில் மாட்டினால் பிள்ளைகள் கைக்கு எட்டாது என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.